பின்படிக்குப் போட்ட பல்பு

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே மேனேஜரம்மா தன் வீட்டு அடுக்களையைக் கவிழ்த்துப்போட்டு மறுபடி அடுக்கினாள். அடுத்த வாரம் அதையே இன்னொரு தரம் செய்தாள். உப்பு டப்பாவைத் தேடித் தேடி அலுத்துப்போன வீட்டுக்காரர் கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

"உன் கை சும்மா இருக்காதுன்னு எனக்குத் தெரியும். ஊர்ல எத்தனையோ பேர் ஆள் கிடைக்காம தவிக்கிறாங்க. அவங்களைப் போய் மேய்ச்சுக்கோயேன், என்னை விட்டுடு."

மேய்ப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. பெரிய ஹோட்டல் ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் பிரிவுக்குத் தலைவியாக இருந்தவள். அறைகளைச் சுத்தம் செய்கிற பட்டாளமே அவள் கண்ணசைவுக்கு நடந்தது. விருந்தாளி கண்ணில் அழுக்குத் துணி படக்கூடாது, குப்பை வாளி படக்கூடாது, துடைப்பம் பிடித்த ஆளும் படக்கூடாது. ஆனால் எல்லாம் பளிச்சென்று இருக்கவேண்டும். அதுதான் அவள் தொழில். அங்கே ஒட்டிக்கொண்ட 'மேனேஜரம்மா' வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. கோபம் வந்தால் வீட்டுக்காரரும் அப்படித்தான் கூப்பிடுவார்.

அப்படி அவள் போய்ச் சேர்ந்த இடம் விளக்குக் கடைக்கு மேலே மாடியில் இருந்த ஒரு சங்கம். முகத்திலோ கையிலோ பார்த்தவுடன் தெரிகிற மாற்றம் உள்ளவர்களுக்கான சங்கம் அது. தீக்காயத் தழும்பு, பிறக்கும்போதே வந்த சிவப்பு மச்சம், வெண்திட்டு, அறுவை சிகிச்சைக்குப் பிறகு கோணிப்போன வாய். உடம்புக்கு ஒரு குறையும் இருக்காது, ஆனால் தெருவில் இறங்கினால் போகிற வருகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். அவர்களுக்கு வேலை நேர்காணலுக்குப் பழக்குவது, வேண்டும் என்பவர்களுக்குத் தழும்பை மறைக்கும் பூச்சுப் போடக் கற்றுக்கொடுப்பது, பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பேசுவது என்று சங்கத்துக்குத் தலைக்கு மேல் வேலை. நடத்தியவர் டீச்சர். பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவர். நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் பாதி முகம் கருஞ்சிவப்பு. மனசு விசாலம், அலமாரிதான் குப்பை.

மேனேஜரம்மாவுக்கு அந்த அலமாரியைப் பார்த்ததும் கை பரபரத்தது. பூச்சு டப்பாக்கள் நிறம்வாரியாக வரிசைக்கு வந்தன. ஒரே நேரத்துக்கு நாலு பேரை வரச்சொல்லிவிட்டு நாலு பேரையும் காக்கவைக்கும் வழக்கம் நின்றது. தொலைந்துபோனதாக நினைத்த ஒலிபெருக்கி குடைகளுக்கு அடியிலிருந்து கிடைத்தது. டீச்சர் கண் கலங்கி, "இத்தனை நாளா நீங்க எங்கேம்மா இருந்தீங்க?" என்றார். மேனேஜரம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அந்தச் சூட்டோடு சூடாக அவள் பின்படியையும் சுத்தம் செய்தாள். கட்டடத்துக்குப் பின்னால் சந்துப் பக்கமாக ஒரு குறுகிய படிக்கட்டு இருந்தது. உடைந்த நாற்காலிகளும் அட்டைப் பெட்டிகளும் அடைத்துக்கிடந்ததை அப்புறப்படுத்தி, கழுவிவிட்டு, மேலே ஒரு பல்பும் போட்டாள்.

"யாருக்கும்மா இந்த வழி?" என்று டீச்சர் கேட்டார்.

"கூச்சப்படறவங்க இருப்பாங்கல்ல. அவங்க நிம்மதியா வந்துட்டுப் போகட்டுமே."

டீச்சர் பல்பைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். பாராட்ட வார்த்தை கிடைக்கவில்லை போல என்று மேனேஜரம்மா நினைத்துக்கொண்டாள்.

சங்கத்தில் அவளுக்குப் பிடிபடாத ஒரே ஏற்பாடு வாசல் மேசை. முன்படி ஏறி வந்ததும் முதலில் எதிர்ப்படுவது அந்த மேசைதான். அதில் நிரந்தரமாக ஆள் கிடையாது. சங்கத்தில் இருக்கிற எல்லோரும் முறைவைத்து உட்காருவார்கள். போனைத் தப்பாக எடுப்பார்கள், பார்சலை மாற்றி வாங்குவார்கள். ஒரு பழகின ஆளைப் போட்டால் வேலை ஓடும் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். எதற்கும் சரி சரி என்கிற டீச்சர் இதற்கு மட்டும் தலையாட்டவில்லை.

"தண்ணி கேன் போடறவரா இருந்தாலும் நிமிர்ந்து மூஞ்சியைப் பார்த்து வாங்கன்னு சொல்லணும். அதுக்குத்தான்மா அந்த மேசை. போன் எடுக்க இல்ல."

அந்த மேசையை ஆசையோடு கேட்டு வாங்கி உட்காருகிறவள் ஒருத்திதான் இருந்தாள். ரேடியோ என்று எல்லோரும் கூப்பிடுவார்கள், காரணம் அவள் வாய் மூடாது. சின்ன வயதில் கொதிக்கிற எண்ணெய் கொட்டியதில் இடது கன்னமும் தாடையும் கழுத்தும் வெந்து இறுகிப்போயிருந்தன. குரல் மட்டும் அப்படி ஒரு குரல். போனில் புகார் கேட்கும் கம்பெனி ஒன்றில் வேலை.

"கத்திக்கிட்டே போன் பண்றவன் எங்கிட்ட ரெண்டு நிமிஷம் பேசினா, மேடம் உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சான்னு கேப்பான். அதே ஆள் பஸ்ல பக்கத்துல உட்கார்ந்தா அடுத்த ஸ்டாப்ல சீட்டு மாறிடுவான்" என்று சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள்.

ரேடியோவுக்கு ஒரே ஆசை. ஆட்கள் வந்துபோகிற இடத்தில், முகத்துக்கு முகம் பார்க்கிற வேலையில் உட்காரவேண்டும். போட்ட விண்ணப்பங்களுக்குப் போனில் தேன் ஒழுகப் பதில் வரும். நேரில் போனால் இடம் நிரம்பிவிட்டிருக்கும்.

மேனேஜரம்மாவுக்கு அவள்மேல் நிஜமான பிரியம் விழுந்துவிட்டது. சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்குத் தன் பழைய ஹோட்டலிலேயே இலவசமாக ஹால் பிடித்துக்கொடுத்தவள், அதோடு விடவில்லை. அங்கே வரவேற்புப் பகுதிக்குத் தலைமை வகித்த ரிசப்ஷன் மேடம் அவளோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்த சிநேகிதி. அவரிடம் ஒரு இடம் காலியாக இருப்பது தெரிந்ததும், "எங்க பொண்ணு ஒருத்தி இருக்காப்பா. கூட்டத்தன்னிக்கு வாசல் மேசையில அவதான் எல்லாரையும் வரவேற்பா. வேலை செய்யற அழகை வந்து பாரு, அப்புறம் முடிவு பண்ணு" என்று பேசி வைத்துவிட்டாள். ரேடியோவிடம் வந்து, "நீ வாசல்ல உட்காரு போதும். மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்றாள். ரேடியோ அவளைக் கட்டிப்பிடித்துத் தூக்கியே விட்டாள்.

கூட்டத்தன்று காலையில் ஹோட்டல் லாபி ஜெகஜ்ஜோதியாக இருந்தது. பக்கத்து ஹாலில் ஏதோ முகப்பூச்சுக் கம்பெனியின் விழா. நெடுநெடுவென்று அழகிகள், கேமராக்காரர்கள், ஆளுயரப் படங்களில் மாசுமருவற்ற கன்னங்கள். பின்பக்கமாக உள்ளே வந்த மேனேஜரம்மா எட்டிப்பார்த்தாள். இந்தக் கூட்டத்துக்கு நடுவில் தன் ஆட்கள் நடந்து வந்தால் எப்படி இருக்கும்? தன்னிடம் வேலை பழகினவர்கள், தன்னோடு வேலை பார்த்தவர்கள் எல்லோரும் பார்ப்பார்களே, மேனேஜரம்மா யாரைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று.

அவள் அப்படி நினைக்கவில்லை, அவர்களுடைய சௌகரியத்தைத்தான் யோசித்தாள் என்று சொல்லி நான் பூசி மெழுகப்போவதில்லை. அவள் நினைத்தது இதைத்தான்.

ஹால் சூப்பர்வைசர் வந்தார். அவள் கையால் வேலை கற்றுக்கொண்டவர். "அம்மா, இன்னைக்கு லாபியில கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார்.

"எனக்குத் தெரியாதா? நீ கவலைப்படாதே. எங்க ஆளுங்களை நான் சர்வீஸ் லிஃப்ட்ல கூட்டிட்டு வந்துடறேன்" என்றாள் அவள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் பாதி தூரம் போய்விட்டாள்.

வண்டிகளிலிருந்து இறங்கியவர்களைப் பின்கேட்டில் எதிர்கொண்டு, "லாபியில ஒரே நெரிசல். இப்படி வந்தா ஒரு நொடியில மேல போயிடலாம்" என்று அழைத்துப்போனாள். சலவை நீராவி வாடை அடிக்கிற நடை. ஈரத் தரை. இரண்டு பக்கமும் அழுக்குப் படுக்கை விரிப்பு நிறைந்த தள்ளுவண்டிகள். லிஃப்டின் தகரச் சுவரில் வண்டி இடித்து இடித்து விழுந்த பள்ளங்கள். எல்லோரும் நல்லதாக உடுத்தி வந்திருந்தார்கள், அழுக்குத் துணி மேலே படாமல் ஒடுங்கி நின்றார்கள். ஒரு தொழிலாளி தள்ளுவண்டியோடு வந்து, இடமில்லை என்றதும், "பரவாயில்ல, நான் அடுத்த தடவை ஏத்திக்கறேன்" என்றான்.

நீல உடையில், தலைமுடியை இழுத்து வாரி, தழும்பை மறைக்காமல் வந்திருந்த ரேடியோ அந்த வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். லிஃப்ட் மேலே போய்ச் சேரும்வரை அவள் வாயைத் திறக்கவில்லை. ரேடியோ வாயைத் திறக்காத அதிசயத்தை மேனேஜரம்மா கவனித்தாள். பதற்றமாக இருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டாள்.

வாசல் மேசையை ஹாலின் முன்கதவுக்கு வெளியே போடவேண்டும். அங்கே போட்டால் கீழே லாபியிலிருந்து நிமிர்ந்து பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். அவள் அதை உள்ளே, சர்வீஸ் கதவை ஒட்டிப் போட்டாள். விருந்து நடக்கும்போது எச்சில் தட்டுகள் தெரியாமலிருக்க வைக்கிற மடக்குத்திரை ஒன்று அங்கே நின்றிருந்தது. அதைக் கொஞ்சம் இழுத்து முன்னால் நிறுத்தினாள்.

"மேசை ஏன் இங்க இருக்கு?" என்று டீச்சர் கேட்டார்.

"வெளியில ஏசி காத்து நேரா அடிக்குது டீச்சர்."

டீச்சர் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அதற்குள் விருந்தினர் யாரோ வந்து கையைப் பிடித்து இழுத்துப் போய்விட்டார்கள்.

விருந்தினர் எல்லோரும் முன்கதவு வழியாக வந்தார்கள். ஹோட்டல் ஆட்கள் வணக்கம் சொல்லி உட்காரவைத்தார்கள். ரேடியோவின் மேசைக்கு யாருமே வரவில்லை. கூட்டம் பாதி நடக்கும்போது ரிசப்ஷன் மேடம் அவசர அவசரமாக வந்து சேர்ந்தார்.

"எங்கப்பா உன் பொண்ணு? வாசல்ல யாரையும் காணோமே?"

கையை நீட்டித் திரையைக் காட்டினால் போதும். ஆனால் காட்டினால், ஏன் அங்கே என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து மேனேஜரம்மாவின் நாக்கு தானாகப் புரண்டது.

"அவளுக்கு உடம்பு சரியில்லப்பா. வரலை."

"அடடா. சரி, இன்னைக்குள்ள ஆள் பேர் சொல்லணும்னு மேல நெருக்கறாங்க. பார்க்கறேன்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடக்கும்போது ரேடியோ பக்கத்தில் வந்து நின்றாள். "அவங்க வந்தாங்களாம்மா?"

"காணோமே. வேலை வந்திருக்கும்" என்றாள் மேனேஜரம்மா, நாற்காலியைப் பார்த்துக்கொண்டு.

அன்றைக்கு வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. கூட்டம் எப்படி என்று வீட்டுக்காரர் கேட்டதற்கு, "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது" என்றாள். அவர் நம்பவில்லை, ஆனால் தோண்டவும் இல்லை. அவளுக்கோ அடுக்களை அலமாரியைத் திறக்கக்கூடக் கை வரவில்லை. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஒரு தழும்பும் இல்லாத முகம்.

அடுத்த வாரம் ரேடியோ ஒரு யோசனையோடு வந்தாள். "அவங்களுக்கு வர முடியலைன்னா என்ன, நானே போய்ப் பார்த்துட்டு வரேன். நீங்களும் கூட வாங்கம்மா." மேனேஜரம்மா சாக்குச் சொல்லிப் பார்த்தாள். ரேடியோ விடவில்லை.

ஹோட்டலை நெருங்கியதும் மேனேஜரம்மாவின் கால்கள் பழக்கத்தில் பின்கேட்டுப் பக்கம் திரும்பின. "இப்படிம்மா" என்று ரேடியோ முன்வாசலுக்குப் போனாள். வாசல்காரர் பழைய மேனேஜரம்மாவைக் கண்டதும் சலாம் அடித்துக் கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டார். அத்தனை வருஷம் வேலை பார்த்தும் அவள் அந்தக் கதவு வழியாக உள்ளே வந்ததே கிடையாது. சிப்பந்திகளுக்குப் பின்கேட்டுதான் வழி. பளிங்குத் தரையில் நடக்கவே கூசியது. பக்கத்தில் ரேடியோ நிமிர்ந்து நடந்தாள். சோபாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அவர்களைப் பார்த்து, "வணக்கம்" என்றாள். இரண்டு பேர் பதிலுக்கு வணக்கம் சொன்னார்கள்.

ரிசப்ஷன் மேடம் எழுந்து வந்தார். மேனேஜரம்மா அறிமுகம் செய்து வைத்ததும், "ஓ, நீதானா! உடம்பு இப்போ தேவலாமா?" என்று கேட்டார்.

மேனேஜரம்மாவுக்குத் தரை பிளந்து தன்னை விழுங்கினால் நன்றாக இருக்கும் போலிருந்தது. ரேடியோ கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"இப்போ நல்லா இருக்கேன் மேடம்."

அந்த நொடியில் மேனேஜரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. இவளுக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும்.

அரை மணி நேரம் ரேடியோவோடு பேசிப் பார்த்த ரிசப்ஷன் மேடம், பெருமூச்சு விட்டார். "அன்னைக்குச் சாயங்காலமே இன்னொரு பொண்ணைப் போட்டுட்டோம்மா. உன்னை அன்னைக்குப் பார்த்திருந்தா யோசிச்சிருக்கவே மாட்டேன். நிஜமா சொல்றேன்."

மேனேஜரம்மா வாயைத் திறந்தாள். வார்த்தை வருவதற்குள் சூப்பர்வைசர் லாபியைக் கடந்து முகமெல்லாம் சிரிப்பாக வந்துவிட்டார்.

"அம்மா! இன்னைக்காவது முன்பக்கமா வந்தீங்களே! அன்னைக்கு லாபியில கயிறு கட்டி உங்க ஆளுங்களுக்குன்னு தனியா வழி விட்டு வச்சிருந்தேன். அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். நீங்க காதுலயே வாங்காம எல்லாரையும் சர்வீஸ் லிஃப்ட்ல ஏத்திட்டீங்க. இந்த நீல டிரஸ் தங்கச்சிகூட அன்னைக்குத் திரைக்குப் பின்னாடி உட்கார்ந்திருந்தாங்களே, அதே டிரஸ்தானே இது?"

ரிசப்ஷன் மேடம் தன் சிநேகிதியைத் திரும்பிப் பார்த்தார். "அப்போ இவ அன்னைக்கு வந்தாளா?"

"இங்கதான் இருந்தா" என்றாள் மேனேஜரம்மா. "திரைக்குப் பின்னாடி நான்தான் உட்கார வச்சேன். உடம்பு சரியில்லைன்னு சொன்னது பொய்."

"ஏன்?"

அந்தக் கேள்விக்குப் பயந்துதானே எல்லாம்.

பஸ்ஸில் ரேடியோ ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மூன்று நிறுத்தங்கள் வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு திரும்பாமலே பேசினாள்.

"திரை துணிதானேம்மா. நீங்க சொன்னது எனக்குக் கேட்டுச்சு. ஹோட்டல்காரங்க வற்புறுத்தியிருப்பாங்க, பாவம் நீங்க என்ன பண்ணுவீங்கன்னு நெனச்சேன். ஒரு வாரமா உங்களுக்காக எனக்கு நானே காரணம் சொல்லிட்டிருந்தேன். ஹோட்டல்ல யாருமே அப்படிக் கேக்கலை இல்ல?"

"யாரும் கேக்கலை."

"அந்த லிஃப்ட்ல வழக்கமா என்னென்ன ஏத்துவீங்க?"

மேனேஜரம்மாவுக்குச் சொல்லாமல் தப்பிக்க வழியில்லை. "அழுக்குத் துணி. குப்பை. உடைஞ்ச சாமான். அறையில யாராவது இறந்துட்டா, மத்தவங்க பார்க்காம அதுலதான் இறக்குவோம்."

ரேடியோ தன் உடையின் ஓரத்தைத் தட்டிவிட்டாள்.

"எங்களையும்தான்" என்றாள் மேனேஜரம்மா. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "வேலைக்காரங்க எல்லாரும் அதுலதான் போகணும் வரணும். நான் முன்வாசல்ல காலை வச்சதே இன்னைக்குத்தான்."

ரேடியோ இப்போதுதான் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். "அப்போ உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணுமே."

இறங்கும் இடம் வந்ததும் ரேடியோ முன்னால் இறங்கிப் போனாள்.

மேனேஜரம்மா அன்றைக்கு வீட்டுக்காரரிடம் ஒன்று விடாமல் கொட்டிவிட்டாள். இனி அந்தப் பக்கமே போகப்போவதில்லை, யார் முகத்திலும் முழிக்க முடியாது என்றாள். அவர் வழக்கம்போலக் கேலி செய்யவில்லை. "வீட்டுக்குள்ளயே இருந்துட்டா யார் கண்ணுலயும் பட வேண்டாம். நீ அவங்களுக்குப் பண்ணினதும் அதுதானே?" என்றார். சாட்டையால் அடித்தது போலிருந்தது. அவரிடம் கோபித்துக்கொள்ளக்கூட முடியவில்லை, அவர் சொன்னது சரி.

மறுநாள் போனாள். முன்படி ஏறினாள். வாசல் மேசையில் அன்றைக்கு ரேடியோவின் முறை. நிமிர்ந்து பார்த்து, தண்ணி கேன்காரருக்குச் சொல்வது போலவே, "வாங்க" என்றாள். அவ்வளவுதான். டீச்சரிடம் மேனேஜரம்மா நடந்ததை எல்லாம் சொன்னாள். டீச்சர் கடைசிவரை கேட்டுவிட்டு, "அவகிட்ட சொல்ல வேண்டியதை எங்கிட்ட சொல்லிப் பிரயோஜனமில்லம்மா" என்றார். மேனேஜரம்மா கூனிக் குறுகி மேசைக்கு முன்னால் போய் நின்றாள். தப்பு செய்துவிட்டேன் என்றாள், மன்னிச்சிடு என்றாள். ரேடியோ கேட்டுக்கொண்டாள். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அப்போது போன் அடித்தது. ரேடியோ எடுத்து, ஒரு நிமிஷம் கேட்டாள். "ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லி, வாய்ப்பகுதியைப் பொத்திக்கொண்டு, போனை மேனேஜரம்மாவிடம் நீட்டினாள்.

யாரோ ஒரு தகப்பனார். பெண்ணுக்கு முகத்தில் தீக்காயம், இன்றைக்குத்தான் முதல் தடவை கூட்டிக்கொண்டு வரப்போகிறார். தயங்கித் தயங்கிக் கேட்டார். "கடைத்தெருவா இருக்கேம்மா. யார் கண்ணுலயும் படாம மேல வர்றதுக்குப் பின்பக்கமா ஏதாவது வழி இருக்கா?"

'இருக்கு சார், கழுவி சுத்தமா வச்சிருக்கேன், வெளிச்சம்கூட இருக்கு' என்று நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. மேனேஜரம்மா அதை விழுங்கினாள்.

"முன்படியிலயே வாங்க சார். விளக்குக் கடை வாசல்ல உங்களுக்காக நான் வந்து நிக்கறேன். சேர்ந்து ஏறிடலாம்."

போனை வைத்தாள். ரேடியோ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"கீழ நான் போறேன். இன்னைக்கு என் முறை" என்றாள். இரண்டு படி இறங்கியவள் நின்று திரும்பினாள். "நீங்க போய் முதல்ல அந்தப் பல்பைக் கழட்டுங்க."

மேனேஜரம்மா ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பின்படிக்குப் போனாள். பகலிலும் அது எரிந்துகொண்டுதான் இருந்தது. அணைத்து, ஆற விட்டு, ஏறிக் கழற்றினாள்.